டிசம்பர் செலவப் பத்தி மைக்ல ஒரு வார்த்தை சொல்லுங்க: போதகர்களுக்கும் சபைக் கமிட்டிகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்பான போதகர் ஐயாமாருக்கும், ஃபாதர்மாருக்கும், சபைக் கமிட்டியில இருக்குற அண்ணன்மார் அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இந்த மடல வேணும்னேதான் முன்கூட்டியே எழுதுறேன். டிசம்பர் பிறந்துட்டா பாட்டு ப்ராக்டிஸ், அலங்காரம், ஊருக்குப் போறதுன்னு எல்லாரும் ஓடிக்கிட்டு இருப்பாங்க, யாருக்கும் இதக் காதுல வாங்க நேரம் இருக்காது, ஜனவரியில சொன்னா செலவெல்லாம் முடிஞ்சு போயிருக்கும். நான் கேக்குறது பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. இந்த வருஷமாவது கிறிஸ்மஸ் செலவக் கொஞ்சம் கைக்குள்ள வச்சுக்கணும்னு நெனைக்கிற குடும்பங்க உங்க சபையில எவ்வளவோ இருக்கு. ஆனா எந்தக் குடும்பத்தாலயும் அதத் தனியா செய்ய முடியல. நாலு பேர் முன்னாடி மொதல்ல வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணும், அந்த ஆள் நீங்களா இருக்கணும். மைக் உங்க கையிலதான் இருக்கு.

பட்ஜெட் போடுங்க, லிஸ்ட் எழுதுங்க, தேவையில்லாதத வாங்காதீங்கன்னு சொல்ற அட்வைஸ் எங்க பாத்தாலும் கெடைக்குது. அது தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதெல்லாம் ஒரு வீட்டுச் செலவ அந்த வீடுதான் முடிவு பண்ணுதுன்னு நெனச்சுக்கிட்டு சொல்றது. மத்த 11 மாசத்துக்கு அது ஓரளவு சரிதான், டிசம்பர்ல அது நடக்காது. டிசம்பர்ல ஒரு வீட்டுச் செலவ நாத்தனார் முடிவு பண்றாங்க, ஆபீஸ் முடிவு பண்ணுது, ஸ்கூல் முடிவு பண்ணுது, எதிர் வீடு முடிவு பண்ணுது, சொல்றதுக்கு மன்னிக்கணும், சபையும் முடிவு பண்ணுது. அந்த வீட்டு அம்மா கையில இருக்குறது மிச்சத்த எப்படிச் சமாளிக்கிறதுங்குற கவல மட்டும்தான்.

கிஃப்ட் விஷயத்தையே எடுத்துக்கோங்க. போன வருஷம் அவங்க குடுத்தாங்க, இந்த வருஷம் நாம குடுக்கலன்னா நல்லாவா இருக்கும்னு இந்த வீட்டுல பேசிக்கிறாங்க. அதே நேரத்துல அந்த வீட்டுலயும் அதேதான் பேசிக்கிட்டு இருக்காங்க. ரெண்டு வீட்டுலயும் கைல காசு இல்ல, ரெண்டு வீட்டுக்கும் இது வேண்டாம்னுதான் இருக்கு, ஆனா ரெண்டு பேருமே கடைக்குப் போறாங்க, ஏன்னா நிறுத்தலாம்னு சொல்ற மொத ஆள் யாரு? அதுவும் வீட்டுக்கு வந்த மருமக சொன்னா கஞ்சம்னு ஒரு பேரு வந்துரும், அந்தப் பேரு லேசுல போகாது. மாமியார் சொன்னா பிள்ளைகள ஒதுக்குறாங்கன்னு வரும். தம்பி சொன்னா அண்ணனுக்குக் கோவம். அதனால யாரும் சொல்றதில்ல.

இதுல ஒரு கணக்கு இருக்கு, தயவு செஞ்சு கமிட்டியில யாராவது பேப்பர் எடுத்துப் போட்டுப் பாருங்க. ஒரு கூட்டுக் குடும்பத்துல பெருசு சிறுசு எல்லாம் சேத்து 12 பேருன்னு வைங்க. ஒவ்வொருத்தரும் மத்த 11 பேருக்கும் ஒண்ணு ஒண்ணு குடுத்தா 132 கிஃப்ட். அதே 12 பேரும் பேர எழுதி சீட்டு குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஒருத்தருக்கு மட்டும் குடுத்தா 12 கிஃப்ட். எல்லாருக்கும் பிரிச்சுப் பாக்க ஒரு பொட்டலம் இருக்கும், யாரும் வெறுங்கையோட உக்காந்திருக்க மாட்டாங்க, வாங்குறவங்களும் அந்த ஒரு ஆள மட்டும் மனசுல வச்சு யோசிச்சு வாங்குவாங்க. 132 எங்க, 12 எங்க. இது யாருக்கும் தெரியாத ஐடியா இல்ல, ஆபீஸ்ல எல்லாரும் பண்றதுதான். குடும்பத்துக்குள்ள கொண்டு வரத்தான் வாய் வரமாட்டேங்குது. நீங்க அறிவிப்பு நேரத்துல, "இந்த வருஷம் நம்ம சபைக் குடும்பங்கள் எல்லாம் சீட்டு போட்டு ஒருத்தருக்கு ஒண்ணு குடுத்துக்கலாம், அதுவே போதும்"னு ஒரே ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா, அந்த மருமக வீட்டுல போய், "போதகர் ஐயாவே சொல்லிட்டாரே அத்தை, நாமளும் அப்படியே செய்வோமா"ன்னு கேட்டுருவா. அவளுக்கு அது போதும். பழி அவ மேல வராது.

கிஃப்ட்டே கூடாதுன்னு நான் சொல்றதா யாரும் எடுத்துக்காதீங்க. குடுக்குறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனா கடமைக்கு வாங்குறது வேற. ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் 1993ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாரு, காலேஜ் பிள்ளைகள்கிட்ட கிறிஸ்மஸுக்கு வந்த கிஃப்ட் எல்லாம் என்ன வெல இருக்கும், அதே பொருள நீங்களே வாங்குறதா இருந்தா எவ்வளவு குடுத்திருப்பீங்கன்னு கேட்டாரு. குடுத்தவங்க மேல இருக்குற பாசத்தத் தள்ளி வச்சுட்டு பொருள மட்டும் பாத்துச் சொல்லச் சொன்னாரு. பத்துல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் மதிப்பு காணாமப் போகுதுன்னு வந்துச்சு. அதுலயும் நெருங்கினவங்க குடுத்தது ஓரளவு பொருந்திச்சு, தூரத்துச் சொந்தம் குடுத்த பொருள்லதான் அதிகமா வீணாச்சு. நமக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். பிரிக்காமலே பீரோல கெடந்து அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போற டப்பாவெல்லாம் இருக்கே, அதுல ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் கடன்ல வாங்கினதா இருக்கலாம்.

இப்ப சபைக்குள்ளயே நடக்குற ஒண்ணச் சொல்றேன், யாரையும் குத்தம் சொல்ல இல்ல. ஒரு ஞாயிறு பள்ளிக்கூடம். பிள்ளைங்களுக்குள்ள கிஃப்ட் எக்ஸ்சேஞ்ச்னு அறிவிச்சாங்க, இவ்வளவுக்குள்ள வாங்குங்கன்னு ஒரு தொகையும் சொன்னாங்க. நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. ஆனா உச்சவரம்புன்னு சொல்ற தொகை எப்பவுமே கொறஞ்சபட்சத் தொகையாத்தான் மாறும், அதுக்குக் கீழ வாங்கினா கேவலம்னு ஆயிரும். அன்னைக்கு அண்ணன் தம்பி ரெண்டு பேர் வரல. காய்ச்சல்னு அவங்க அம்மா ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாங்க. அந்த ரெண்டு பேருக்கும் வச்சிருந்த பொட்டலம் மட்டும் மேசை ஓரத்துல பிரிக்காம இருந்துச்சு, டீச்சர் அத ஒரு கவர்ல போட்டு எடுத்து வச்சாங்க. கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பிள்ளைங்களோட அம்மாவே எங்கிட்ட சொன்னாங்க, காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்ல, ரெண்டு பிள்ளைங்க, ரெண்டு கிஃப்ட் வாங்கணும், கையில இல்ல, பெரியவனுக்கு மட்டும் வாங்கிக் குடுத்தா சின்னவன் அழுவான், அதான் ரெண்டு பேரையும் வீட்டுல வச்சுக்கிட்டேன்னு. சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இயேசு பிறந்த நாள் விழாவுக்கு ரெண்டு பிள்ளைங்க வர முடியாமப் போச்சு, காரணம் காசு, அதுவும் கோயில்ல. இது சபையில யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா எத்தன பேர் ஓடி வந்து வாங்கிக் குடுத்திருப்பாங்க, ஆனா அந்த அம்மா அப்படி வாங்கிக்க விரும்பியிருக்க மாட்டாங்க. அதனால உதவி செய்யுறதப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி அந்த உதவி தேவப்படாத மாதிரி ஏற்பாடு பண்ண முடியுமான்னு பாருங்க. பிள்ளைங்க கையால வரைஞ்ச கார்டு மட்டும்தான் மாத்திக்கணும்னு ஒரு வரி சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைங்க வந்திருப்பாங்க.

வேதத்த உங்களுக்கு நான் சொல்லித் தரணும்னு இல்ல. ஆனா ஒண்ண ஞாபகப்படுத்த ஆசப்படுறேன், ஏன்னா கிறிஸ்மஸ் பிரசங்கத்துல இது கொஞ்சம் கொறச்சலாத்தான் வருது. குழந்தை இயேசுவப் பாக்க வந்த சாஸ்திரிகள் கொண்டு வந்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் எல்லாருக்கும் தெரியும், ஒவ்வொரு வருஷமும் சின்னப் பிள்ளைங்க தாடி ஒட்டிக்கிட்டு அதத் தூக்கிட்டு மேடையில வருவாங்க. ஆனா லூக்கா 2:24ல யோசேப்பும் மரியாளும் குழந்தைய தேவாலயத்துக்குக் கொண்டு போனப்போ செலுத்த வேண்டிய பலின்னு சொல்லியிருக்குறது புறாதான். லேவியராகமம் 12வது அதிகாரத்தப் பாத்தா பிரசவம் ஆன தாய் ஒரு ஆட்டுக்குட்டியக் கொண்டு வரணும், அதுக்கு வசதி இல்லன்னா ரெண்டு புறா கொண்டு வரலாம்னு 8வது வசனத்துல இருக்கு. அவங்க வசதி இல்லாதவங்க குடுக்குறதத்தான் குடுத்தாங்க. கடன் வாங்கி ஆட்டுக்குட்டி வாங்கல. அதுக்காக யாரும் அவங்கள வாசல்ல நிறுத்தவும் இல்ல, சிமியோன் அந்தக் குழந்தையக் கையில வாங்கி தேவனை ஸ்தோத்திரிச்சாரு. இந்த ஒரு பகுதிய கிறிஸ்மஸுக்கு முந்தின அட்வென்ட் ஞாயிறு நாலுல ஏதாவது ஒரு நாள் எடுத்துப் பிரசங்கம் பண்ணுங்களேன். உங்க முன்னாடி உக்காந்திருக்குற பாதிப் பேருக்கு அது அவங்க வீட்டுக் கதையாவே கேக்கும்.

அடுத்து கடன். இதக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா டிசம்பர்ல எல்லாரும் சிரிச்ச முகமா இருக்குறதப் பாத்துட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்கிறோம், நெசம் தெரியுறது ஜனவரியிலதான். நெறைய எடத்துல பண்டிகைக்காக டிசம்பர் சம்பளத்த முன்கூட்டியே போட்டுருவாங்க. 20ம் தேதி சம்பளம் வந்துருச்சுன்னு வைங்க, அடுத்த சம்பளம் ஜனவரி 31ன்னா நடுவுல 42 நாள். ஒரு மாசச் சம்பளம் ஒன்றர மாசம் ஓடணும், அதுவும் வருஷத்துலயே அதிகச் செலவு இருக்குற நேரத்துல. அந்த ஓட்டைய அடைக்கத்தான் கிரெடிட் கார்டு வருது.

கார்டுல என்ன ஆகுதுன்னு பாருங்க. கிறிஸ்மஸுக்குன்னு ஒரு 10,000 தேய்க்கிறாங்க. ஸ்டேட்மென்ட் வரும்போது மொத்தத் தொகை ஒரு எடத்துல இருக்கும், மினிமம் டியூன்னு, அதாவது இந்த மாசம் கொறஞ்சது இவ்வளவாவது கட்டணும்னு, ஒரு சின்னத் தொகை இன்னொரு எடத்துல இருக்கும். கையில காசு இல்லாதவங்க கண்ணு அந்தச் சின்னத் தொகை மேலதான் போகும். மாசத்துக்கு 3 சதவீதம் வட்டி, மினிமம் 5 சதவீதம்னு வச்சுக்கிட்டா மொத மாசம் வட்டி சேந்து 10,300, அதுல 515 கட்டுறாங்க. கட்டின 515ல 300 வட்டிக்குப் போயிருச்சு, அசல்ல கொறஞ்சது 215தான். இப்படியே ஒரு மாசம் கூடத் தவறாம வருஷம் பூரா மினிமம் மட்டும் கட்டிக்கிட்டு வந்தா, அடுத்த கிறிஸ்மஸ் வரும்போது ஏறக்குறைய 5,500 கட்டியிருப்பாங்க, பாக்கி இன்னும் 7,700 நிக்கும். அந்தப் பிள்ளைக்கு வாங்கின சட்டை சின்னதாப் போயிருக்கும், பொம்ம ஒடஞ்சு போயிருக்கும், கடன் மட்டும் முக்கால்வாசி அப்படியே இருக்கும், அது மேலதான் புதுக் கிறிஸ்மஸ் ஏறி உக்காரும். இன்னொண்ணு, பாக்கி நிக்கிற கார்டுல புதுசா எது வாங்கினாலும் பொதுவா மொத்தத்தையும் கட்டுறவங்களுக்குக் குடுக்குற வட்டியில்லா நாள் சலுகை கெடைக்காது, வாங்கின அன்னைலருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சுரும். இது நெறைய பேருக்குத் தெரியுறதே இல்ல.

இப்ப போன்லயே தவணைல வாங்குற வசதி வேற வந்துருச்சு. இன்னைக்குக் கொஞ்சம், ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா கொஞ்சம்னு நாலாப் பிரிச்சுக் கட்டச் சொல்லுவாங்க, வட்டி இல்லன்னும் சொல்லுவாங்க. ஒண்ணே ஒண்ணுன்னா பிரச்சன இல்ல. ஆனா செருப்புக்கு ஒரு ஆப்ல, பொம்மைக்கு ஒரு ஆப்ல, மாமியாருக்கு வாங்கினது இன்னொரு ஆப்லன்னு இருக்கும்போது ஒவ்வொண்ணும் சின்னதாத் தெரியும், மொத்தம் எவ்வளவுன்னு எந்த எடத்துலயும் ஒண்ணாப் பாக்க முடியாது, தவணை ஜனவரியில வரிசையா வந்து விழும், ஒண்ணு தவறினாலும் லேட் ஃபீஸ். வட்டியில்லாத இஎம்ஐன்னு குடுக்குறதுலயும் ப்ராசசிங் ஃபீஸ் இருக்கான்னு பாக்கணும், மொத்தமாக் காசு குடுத்து வாங்கினா கெடைக்குற தள்ளுபடி அதுல கெடைக்காமப் போகுதான்னும் பாக்கணும். இதெல்லாம் பிரசங்க மேடையில பேசுற விஷயமான்னு உங்கள்ல சில பேர் நெனைக்கலாம். கோபுரம் கட்டப் போறவன் மொதல்ல உக்காந்து செலவக் கணக்குப் பாக்க மாட்டானான்னு இயேசுவே கேட்டிருக்காரு, லூக்கா 14:28. அதனால தாராளமாப் பேசலாம்.

ஆஃபர்ங்குறதும் ஒரு பெரிய வலை. கடைசி நாள், கடைசி நேரம், பாதி வெலன்னு போன் கத்திக்கிட்டே இருக்கும். ஆனா அந்தப் பழைய வெல நெசமாவே இருந்த வெலதானான்னு யாருக்குத் தெரியும்? ஐரோப்பிய யூனியன்ல இதுக்குன்னு ஒரு விதி போட்டு 2022 மே 28ல இருந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க, தள்ளுபடின்னு அறிவிச்சா அதுக்கு முந்தின 30 நாள்ல அந்தக் கடை வித்த கொறஞ்ச வெல என்னவோ அதத்தான் பழைய வெலயாக் காட்டணும்னு. வெலய ஏத்திட்டு எறக்கிக் காட்டுற வேலை நடக்காம இருந்தா இப்படி ஒரு விதியே தேவப்பட்டிருக்காது. பிள்ளைங்க விஷயத்துலயும் அப்படித்தான், கனடாவோட கியூபெக் மாகாணத்துல 1980ல இருந்தே 13 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களக் குறி வச்சு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு தடை இருக்கு. ஒரு பிள்ளை கடை முன்னாடி நின்னு அழுவுறதுக்கு அவங்க அம்மா வளர்ப்பு மட்டும் காரணம் இல்ல, அந்தப் பிள்ளைய அழ வைக்கவே பெரிய பெரிய ஆளுங்க ஒக்காந்து திட்டம் போடுறாங்க. அந்த அம்மா ஒத்த ஆளா அத எதுத்து நிக்கிறாங்க, அவங்க பக்கம் ஒரு குரல் கூட வேண்டாமா?

இனி சபை என்ன செய்யலாம்னு நான் யோசிச்சத சொல்றேன். மொதல்ல, சபையே கேக்குற காச ஒரே தாள்ல எழுதிப் போடுங்க, அதுவும் அக்டோபர்லயே. இப்ப எப்படி நடக்குது? ஒரு வாரம் அலங்காரத்துக்குன்னு கவர் வரும், அடுத்த வாரம் பாடகர் குழுவுக்கு ஒரே கலர் உடுப்புன்னு வரும், அப்புறம் பிள்ளைங்க நாடகத்துக்கு டிரஸ் வாடகை, வாலிபர் கூட்டத்துக்குத் தனி, பெண்கள் ஐக்கியத்துக்குத் தனி, விருந்துக்குத் தனி, அப்புறம் பண்டிகை காணிக்கை. ஒவ்வொரு குழுவும் நாம கேக்குறது கொஞ்சம்தானேன்னு நெனைக்குது, ஆனா ஒரு வீட்டுல அப்பா பாடகர் குழு, அம்மா பெண்கள் ஐக்கியம், மக வாலிபர் கூட்டம், பையன் ஞாயிறு பள்ளின்னு இருந்தா எல்லாக் கவரும் ஒரே சமையலறை மேசை மேல வந்து சேருது. எல்லாக் குழுத் தலைவர்களையும் ஒரு நாள் கூப்பிட்டு ஒக்கார வச்சு, நாலு பேர் இருக்குற ஒரு குடும்பத்துகிட்ட டிசம்பர்ல நாம எல்லாரும் சேந்து மொத்தம் எவ்வளவு கேக்குறோம்னு கூட்டிப் பாருங்க. கூட்டின தொகையப் பாத்தா நீங்களே பாதிய வெட்டிருவீங்க. மிச்சத்த எந்தத் தேதிக்கு எவ்வளவுன்னு தாள்ல போட்டு ஒட்டிருங்க, அதுல இல்லாத எதையும் டிசம்பர்ல புதுசாக் கேக்காதீங்க.

பாடகர் குழு உடுப்பப் பத்தி ஒரு வார்த்தை தனியா. வீட்டுல ஏற்கனவே இருக்குற வெள்ளச் சட்டை, வெள்ளப் புடவை போதும்னு சொல்லிட்டா பாட்டு ஒண்ணும் கொறஞ்சு போகாது. நல்லாப் பாடுற ஒருத்தர், நேரமில்லன்னு சொல்லி விலகுறாருன்னா அது பல நேரம் உடுப்புக் காசுதான்.

காணிக்க குடுத்தவங்க பேரையும் தொகையையும் வாசிக்கிற பழக்கம் எங்கயாவது இருந்தா தயவு செஞ்சு நிறுத்துங்க. ரெண்டு காசு போட்ட விதவைய இயேசு பாராட்டினாரு, ஆனா அவ எவ்வளவு போட்டான்னு பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது அவர்தான், ஆலயத்துல யாரும் எந்திரிச்சு வாசிக்கல. பேர் வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சா இல்லாதவன் கூட கடன் வாங்கிப் போடுவான், அந்தக் காசு ஆண்டவருக்கு வேண்டாம்.

இன்னொண்ணு சொல்லக் கொஞ்சம் தயக்கமா இருக்கு, இருந்தாலும் சொல்லிடுறேன். போதகர் வீட்டுப் பிள்ளைங்க கிறிஸ்மஸ் ஆராதனைக்கு என்ன போட்டுட்டு வர்றாங்கன்னு சபையே பாக்கும், அது உங்க தப்பு இல்ல, ஆனா அப்படித்தான். ஒரே ஒரு வருஷம், "எங்க வீட்டுல இந்தத் தடவ புதுசு எடுக்கல, இருக்குறதுல நல்லத துவச்சுப் போட்டுக்கிட்டோம்"னு நீங்க சாதாரணமாச் சொல்லிப் பாருங்க, எத்தன வீட்டுல எத்தன அப்பாக்கள் மூச்சு விடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். பத்துப் பிரசங்கம் செய்யாதத அது செய்யும்.

சேமிப்பு விஷயத்துக்கு வர்றேன். கிறிஸ்மஸ் திடீர்னு வர்ற செலவு இல்ல, டிசம்பர் 25னு தேதி போட்டு வர்ற செலவு. 12,000 ஆகும்னு தெரிஞ்சா ஜனவரியில இருந்து மாசம் 1,000 எடுத்து வச்சா போதும், அக்டோபர்ல ஆரம்பிச்சா மாசம் 4,000 வைக்கணும், அது முடியாமத்தான் கடன். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல கார்லைல்ங்குற ஊர்ல ஒரு பேங்க் 1909ல கிறிஸ்மஸ் சேமிப்புன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, வருஷம் பூரா சின்னச் சின்னதாப் போட்டு பண்டிகைக்கு முன்னாடி மொத்தமா எடுத்துக்கறது, அப்புறம் அது நாடு பூரா பரவிச்சு. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு இது புதுசே இல்ல, டப்பாவுல போட்டு வச்சவங்கதான். அத சபையில ஒரு பழக்கமாக் கொண்டு வாங்க.

ஆனா கவனமாக் கொண்டு வாங்க. பிரிட்டன்ல ஃபேர்பாக்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, வருஷம் பூரா குடும்பங்க கிட்ட கொஞ்சம் கொஞ்சமா வாங்கி கிறிஸ்மஸுக்கு வவுச்சரும் பொருளும் குடுக்குறது அதோட வேலை. 2006 அக்டோபர்ல, பண்டிகைக்கு ரெண்டே மாசம் இருக்கும்போது அது மூழ்கிப் போச்சு. லட்சத்துக்கும் மேல பேர் காசு போச்சு, பெரும்பாலும் வசதி கொறஞ்ச குடும்பங்க, அதுல ஒரு பங்கு திரும்பக் கெடைக்கவே வருஷக்கணக்கா ஆச்சு. அந்தக் காசு பேங்க்ல இருந்த டெபாசிட் மாதிரி பாதுகாப்புல இல்லாததுதான் காரணம். அதனால சபையில யாரோ ஒரு நல்ல அண்ணன் கையில குடுத்து வைக்கிறது, சீட்டு மாதிரி ஒண்ணு பிடிக்கிறது, சபைக் கணக்கோட கலக்குறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நல்ல அண்ணனுக்கும் அவசரச் செலவு வரும். ஒவ்வொரு குடும்பமும் அவங்க சொந்தப் பேர்ல, சொந்த பேங்க்ல மாசாமாசம் போடுற மாதிரி ஒரு கணக்கு தொடங்கட்டும், சபை அந்தக் காசத் தொட வேண்டாம், மாசத்துல மொத ஞாயிறு அறிவிப்புல "கிறிஸ்மஸ் சேமிப்பு போட்டாச்சா"ன்னு ஞாபகப்படுத்தினா போதும்.

ஜனவரியில கஷ்டப்படுற குடும்பங்களுக்கு ஒரு சின்ன நிதி வச்சிருந்தா ரொம்ப நல்லது, ஆனா குடுக்குற விதம் முக்கியம். நாலாம் நூற்றாண்டுல மீரா பட்டணத்து பிஷப்பா இருந்த நிக்கோலாஸப் பத்தி ஒரு கதை சொல்லுவாங்க, அவர வச்சுத்தான் பின்னாடி கிறிஸ்மஸ் தாத்தா வந்தாரு. வரதட்சணைக்கு வழியில்லாத மூணு பெண்களோட வீட்டுல ராத்திரி யாருக்கும் தெரியாம பொன் மூட்டையப் போட்டுட்டுப் போனாராம். யாருக்கும் தெரியாமங்குறதுதான் எனக்கு அதுல பிடிச்சது. நாம பண்றப்போ மேடைக்குக் கூப்பிட்டு, கையில குடுத்து, போட்டோ எடுத்து, குரூப்ல போடுறோம். அந்த வீட்டுப் பிள்ளைங்க அடுத்த நாள் ஸ்கூலுக்குப் போகணுமில்லையா? போதகரும் இன்னும் ஒரு ஆளும் மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு கவர்ல குடுத்தா போதும், ரசீது, கையெழுத்து எல்லாம் அந்த ரெண்டு பேரோட நிக்கட்டும்.

விருந்து வைக்கிறதா இருந்தா ஆளுக்கு ஒரு பாத்திரம் வீட்டுல இருந்து கொண்டு வந்து பொதுவா வச்சு சாப்பிடலாம், யார் எது கொண்டு வந்தாங்கன்னு பேர் எழுத வேண்டாம், கொண்டு வர முடியாதவங்க சீக்கிரம் வந்து பெஞ்சு போட்டுக் குடுக்கட்டும்.

புருஷன் பொண்டாட்டிக்கும் ஒரு கூட்டம் வைங்க, நவம்பர்ல ஒரு ஞாயிறு ஆராதனை முடிஞ்சு அரை மணி நேரம் போதும். முக்காவாசி வீட்டுல என்ன நடக்குதுன்னா, யார் யாருக்கு என்ன வாங்கணும்ங்குற லிஸ்ட் அம்மாவுக்கு மட்டும் தெரியும், அக்கவுண்ட்ல எவ்வளவு இருக்குங்குறது அப்பாவுக்கு மட்டும் தெரியும். லிஸ்ட்டும் பேலன்ஸும் ஒரே தாள்ல வந்ததே இல்ல. அதனால டிசம்பர் பூரா அவர் ஏன் இவ்வளவு செலவுன்னு கத்துறாரு, அவங்க உங்க அக்காவுக்கு வாங்காம இருக்க முடியுமான்னு அழுறாங்க. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு பேனா குடுத்து, ஒரே தாள்ல மேல கையில இருக்குற காசு, கீழ பேருங்க, ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல தொகைன்னு எழுதச் சொல்லுங்க. போக்குவரத்து, ஜனவரி ஸ்கூல் ஃபீஸ், வாடக இது மூணையும் மொதல்ல எழுதிக் கழிச்சுட்டு அப்புறம்தான் கிஃப்ட்டுக்கு வரணும்னு சொல்லுங்க. சண்ட போடட்டும், பரவால்ல, நவம்பர் சண்ட டிசம்பர் 24 ராத்திரி சண்டைய விட எவ்வளவோ மேல். பிள்ளைங்க கொஞ்சம் பெருசுன்னா அவங்களையும் ஒக்கார வைக்கச் சொல்லுங்க. இவ்வளவுதான் இருக்கு, இதுல உனக்கு எது வேணும்னு கேட்டா பிள்ளைங்க நாம நெனைக்கிறத விடப் பொறுப்பா யோசிக்கும், எதக் கேட்டாலும் கெடைக்கும்னு நெனச்சுக்கிட்டு கடைசியில ஏமாறுறதுதான் அதுகளுக்குக் கஷ்டம்.

சில பேர் இதுக்கு ஒரு பதில் வச்சிருப்பீங்கன்னு தெரியும். வருஷத்துக்கு ஒரு நாள், சந்தோஷமா இருக்கட்டுமே, அதுலயும் போய் கணக்கு பாக்கணுமான்னு. வருஷம் பூரா ஒழச்சவங்க ஒரு நாள் நல்லா உடுத்தி நல்லா சாப்பிடணும்னு நெனைக்கிறதுல எந்தத் தப்பும் இல்ல, வசதி இருக்குறவங்க தாராளமா செய்யட்டும், நான் அவங்க கையப் பிடிக்க வரல. ஆனா அந்த ஒரு நாள் சந்தோஷத்துக்காக ஆகஸ்ட் வரைக்கும் வட்டி கட்டுற வீட்டுல சந்தோஷம் எங்க இருக்கு? நடுராத்திரி ஆராதனையில உங்க முன்னாடி புதுப் புடவை கட்டி நின்னு பாடுற ஒரு அம்மா மனசுக்குள்ள 5ம் தேதி தவணைய நெனச்சுக்கிட்டே பாடுறாங்கன்னா அத நீங்க தெரிஞ்சுக்கணும், நீங்க மேய்ப்பர்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துல இதயும் பேச வேண்டிய ஒரு விஷயமாச் சேத்துக்கோங்க. சபை கேக்குற மொத்தத் தொகையக் கூட்டுற தாள், குடும்பங்களுக்குக் குடுக்குற லிஸ்ட் தாள், அறிவிப்புல வாசிக்க நாலு வரி, மூணையும் எழுதி டைப் பண்ணித் தர்றேன், கணக்கு கூட்டறப்போ கூட வந்து ஒக்காரவும் தயார். அக்டோபர் மொத ஞாயிறுக்குள்ள அறிவிப்பு வந்துருச்சுன்னா சொந்தக்காரங்ககிட்ட பேசி சீட்டு போட குடும்பங்களுக்கு நேரம் இருக்கும், அதுக்கு மேல தள்ளிப் போனா பாதிப் பேர் வாங்க ஆரம்பிச்சிருவாங்க.

இப்படிக்கு,
உங்க சபைகள்ல ஞாயித்துக்கெழம பின் வரிசையில ஒக்கார்ற ஒரு அம்மா